கிளாஸியா, மேட்டா? இருட்டறைப் பிரின்டும் இங்க்ஜெட் பிரின்டும் ஒரே சுவரில்

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்து கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் வீட்டில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் பழைய என்லாஜரைத் தூசு தட்டி எடுத்து அவரே பிரின்ட் போடுகிறார். தோட்டத்தில் தான் எடுத்த டிஜிட்டல் படங்களை இங்க்ஜெட்டில் அடிக்கிறார். வருகிற தைப்பொங்கலுக்கு இரண்டையும் வாசிகசாலை மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப் போகிறார்களாம். கிளாஸி (வழுவழுப்பான மினுக்கு), மேட் (மினுக்கில்லாதது), லஸ்டர் (இரண்டுக்கும் நடுவில்) இவற்றில் எதை வாங்குவது, இரண்டு வகைப் பிரின்டும் ஒன்றுபோலத் தெரிய வழி உண்டா, தாத்தாவின் கிளேசரையும் (பிரின்டைச் சூட்டில் காயவைத்து மினுக்கேற்றும் கருவி) மிச்சமிருக்கும் கோடாக் கடதாசியையும் பாவிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அவசரத்துக்கு ஒரு பதில்: இருட்டறைக்கு கிளாஸி ஃபைபர் (பிளாஸ்டிக் படலம் இல்லாத) கடதாசி வாங்குங்கள், கிளேஸ் பண்ணாமல் காற்றில் காயவிடுங்கள். இங்க்ஜெட்டுக்கு, உங்கள் பிரின்டர் பிக்மென்ட் மை (மேற்பரப்பில் தங்கும் துகள் மை) போடுவது என்றால் பரைட்டா என்ற வெள்ளைப் பூச்சுள்ள கடதாசி. டை மை (உள்ளே இறங்கும் சாய மை) என்றால் நல்ல லஸ்டர். இது போதும் என்பவர்கள் இத்தோடு கடைக்குப் போகலாம். காரணம் தெரிந்தால் சில படங்களுக்கு இதை மீறவும் தைரியம் வரும், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

பிரின்டில் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பதைப் பெரும்பாலும் மேற்பரப்புத்தான் முடிவு செய்கிறது. வழுவழுப்பான மேற்பரப்பில் விழும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பிப் போகும். நாம் கொஞ்சம் தள்ளி நின்றால் அது கண்ணில் படாது, கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மேட் மேற்பரப்பு அதே வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். எங்கே நின்றாலும் அதில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து கறுப்பின் மேல் மெல்லிய சாம்பலைப் பூசிவிடும். டென்சிட்டி, அதாவது கறுப்பின் ஆழத்தை அளக்கும் எண், அந்தக் கணக்கில் சொன்னால், காற்றில் காய்ந்த கிளாஸி ஃபைபர் பிரின்டின் ஆழ்ந்த கறுப்பு சுமார் 2.1 வரை போகும். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்பி வராது. மேட் கடதாசியில் அது 1.6 அளவில் நின்றுவிடும். நூற்றுக்கு இரண்டரை திரும்பி வரும், அதாவது மூன்று மடங்கு. வெள்ளைப் பக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நஷ்டம் முழுக்கக் கறுப்புப் பக்கத்தில்தான்.

அதனால் கடதாசியைத் தெரிவு செய்யமுன் படத்தைப் பாருங்கள். விடியற்காலை மலையில் பனி இறங்கியிருக்கிறது, கூடையோடு நாலு பேர் சாம்பல் நிழல்களாகத் தெரிகிறார்கள். இந்தப் படத்தில் ஆழ்ந்த கறுப்பே இல்லை. மேட்டில் போட்டாலும் ஒன்றும் குறையாது, இன்னும் சொன்னால் நன்றாகவே இருக்கும். இன்னொரு படம்: லயத்துக் காம்பிராவின் அடுப்படி, புகை படிந்த சுவர், அடுப்பு வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும். இதில் கதையே நிழலுக்குள் இருக்கிறது. சுவரில் தொங்கும் கரண்டி, மூலையில் அடுக்கிய விறகு, கறுத்த கூரைத் தகரம் எல்லாம் கறுப்புக்கும் முக்கால் கறுப்புக்கும் இடையில் ஒளிந்திருக்கின்றன. மேட்டில் போட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சாம்பல் திட்டாகிவிடும். அந்தப் படத்துக்கு கிளாஸி தவிர வேறு வழியில்லை.

பிரச்சினை புதிதும் கிடையாது. பழைய காலத்துப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவ சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அவர் படங்களில் பெரும்பாலானவை முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமென் கடதாசியில் போட்டவை. அதற்கு முந்திய உப்புக் கடதாசியில் படம் நாருக்குள்ளேயே இறங்கிவிடும், கறுப்பு மங்கலாக இருக்கும். 1850இல் பிளான்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய அல்புமெனில் படம் மேலே உள்ள படலத்தில் நிற்கும், அதனால் கறுப்பு ஆழமாகும், கொஞ்சம் மினுங்கவும் செய்யும். நீங்கள் இன்றைக்கு மேட்டுக்கும் கிளாஸிக்கும் நடுவில் யோசிக்கிற அதே விஷயம்தான்.

இருட்டறைக் கடதாசியில் முதல் பிரிவு ஃபைபரா ஆர்சியா என்பது. ஃபைபரில் கடதாசியின் மேல் பரைட்டா, அதாவது பேரியம் சல்பேட்டை ஜெலட்டினில் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன் மேல் படம் பதியும் எமல்ஷன். ஆர்சியில் கடதாசியின் இரண்டு பக்கமும் பொலித்தீன் படலம். தண்ணீர் உள்ளே போகாது, சீக்கிரம் கழுவலாம், சீக்கிரம் காயும், தட்டையாகவே இருக்கும். காண்டாக்ட் ஷீட்டுக்கும் (நெகட்டிவ்களைப் பெரிதாக்காமல் அப்படியே வைத்து எடுக்கும் பிரின்ட்) ஒத்திகைப் பிரின்டுக்கும் நான் ஆர்சிதான் பாவிக்கச் சொல்வேன். சுவரில் வருடக்கணக்கில் தொங்கப் போகிற பிரின்ட் என்றால் ஃபைபர். சட்டத்துக்குள் அடைத்து வெளிச்சத்தில் விட்ட ஆர்சி பிரின்டில் காலப்போக்கில் படத்திலுள்ள வெள்ளி மேலே வந்து வெண்கல நிறப் புள்ளிகள் விழலாம். வெள்ளியைப் பாதுகாக்கும் செலினியம் டோனர் மருந்தில் போட்டு எடுத்தால் அந்த ஆபத்து குறையும்.

பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் கடையில் குழப்பம் வராது. இல்ஃபோர்டில் 1 என்றால் கிளாஸி, 44 பேர்ல், 25 சாட்டின், 24 செமி மேட், 5 மேட். பின்னால் வரும் எழுத்து கனத்துக்கு: ஆர்சிக்கு எம், கனமான ஃபைபருக்கு கே. ஆக மல்டிகிரேட் எஃப்பி கிளாசிக் 1கே என்பதுதான் நான் மேலே சொன்ன கடதாசி. அதன் மேட் வகை 5கே. செக் நாட்டு ஃபோமாவில் ஃபோமாபுரோம் வேரியன்ட் 111 கிளாஸி, 112 மேட்.

1கேயை வாங்கியவர்கள் சிலர் "கிளாஸி என்று போட்டிருக்கிறது, மினுங்கவே இல்லையே" என்று கேட்பார்கள். ஃபைபர் கிளாஸியின் அழகே அதுதான். காற்றில் காய்ந்தால் ஈரம் உலர்ந்த தோல் மாதிரி ஓர் அடங்கிய மினுக்கம் வரும். கறுப்பு முழு ஆழத்தோடு இருக்கும், டியூப் லைட் கண்ணாடியில்போல் பளிச்சென்று தெரியாது. சூடான குரோம் தகட்டில் பிரின்டின் முகத்தை அழுத்திக் காயவைத்தால் மட்டுமே பழைய பாஸ்போட் படங்களின் அந்தக் கண்ணாடி மினுக்கு. தாத்தாவின் கிளேசர் வேலை செய்தால் செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் பிரின்ட் நன்றாகக் கழுவியிருக்கவேண்டும், தகட்டில் ஒரு கீறல் இருந்தால் எல்லாப் பிரின்டிலும் அது பதியும், பாதியில் சீரில்லாமல் உரிந்தால் வளைய வளையமாகத் தழும்பு நிற்கும். ஆர்சியை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள். பொலித்தீன் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொண்டால் பிரின்டும் போச்சு, தகடும் போச்சு.

இனி மலைநாட்டுக்கே உரிய தொல்லைகள். முதலாவது குளிர். படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரின் கணக்கெல்லாம் 20 பாகை செல்சியஸுக்கு. நுவரெலியாவிலோ கந்தப்பளையிலோ ஜனவரி இரவில் அறை அதைவிட நிறையக் கீழே இருக்கும். டெவலப்பரில் கறுப்பைக் கட்டிக்கொடுக்கிற ஹைட்ரோகுயினோன் குளிரில் சோம்பிவிடும், 12 பாகைக்குக் கீழே போனால் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். பிரின்ட் மங்கலாக வரும்போது "கடதாசி சரியில்லை, வேறு கம்பெனி பார்க்கவேண்டும்" என்று தோன்றும். முதலில் தட்டில் தெர்மோமீட்டரை வையுங்கள். பெரிய தட்டொன்றில் வெந்நீர் ஊற்றி அதற்குள் டெவலப்பர் தட்டை இருத்தினால் போதும். நேரத்தையும் குறைக்காதீர்கள்: மல்டிகிரேட் டெவலப்பர் 1+9இல் (ஒரு பங்கு மருந்து, 9 பங்கு தண்ணீர்) ஆர்சிக்கு 1 நிமிடம், ஃபைபருக்கு 2 நிமிடம். படம் வந்துவிட்டதே என்று 40 விநாடியில் தூக்கினால் எந்தக் கிளாஸியிலும் கறுப்பு வராது.

இரண்டாவது கழுவுவது. ஆர்சிக்கு 2 நிமிடம் ஓடும் தண்ணீர் போதும். ஃபைபரின் நாருக்குள் ஹைப்போ (ஃபிக்ஸ் பண்ணும் மருந்து) இறங்கியிருக்கும், வெறும் தண்ணீர் என்றால் ஒரு மணிநேரமாவது வேண்டும். பீலித் தண்ணீர் நம்மூரில் தாராளம், ஆனால் ஐஸ் மாதிரி வரும், குளிர்ந்த தண்ணீர் சரியாகக் கழுவாது. நடுவில் சோடியம் சல்பைட் கரைசலில், லீட்டருக்கு 20 கிராம், 10 நிமிடம் அலசிவிட்டுப் பிறகு கழுவினால் வேலை பாதியாகும். மழைநாளில் பீலியில் மண்டி வரும். வாயில் ஒரு துணி கட்டாவிட்டால் ஈர ஜெலட்டினில் மண்துகள் பதிந்து நிற்கும், கிளாஸியில் அது அப்பட்டமாகத் தெரியும்.

மூன்றாவது காய்வது. ஃபைபர் பிரின்ட் சுருளுகிறது என்று புத்தகமெல்லாம் புலம்பும். வறண்ட காற்றில் ஜெலட்டின் சுருங்கி இழுப்பதால் அப்படி ஆகிறது. பனியும் தூறலுமாக இருக்கிற வட்டவளை, ஹட்டன் பக்கத்தில் அது அவ்வளவு சுருளாது, பதிலுக்குக் காயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதே கடதாசியை ஆடி மாதம் கச்சான் வீசும்போது பண்டாரவளையில் காயப்போட்டால் குழாயாகச் சுருண்டு கிடக்கும். ஈரமான பக்கத்தில் இருப்பவர்கள் கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, முகம் மேலே பார்க்கப் பரப்பி, காற்றோட்டமான அறையில் விடுங்கள். வறண்ட பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு பிரின்டை முதுகோடு முதுகு சேர்த்து நாலு மூலையிலும் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். ஒன்று மற்றதை இழுத்துப் பிடிக்கும். காயும்போது ஃபைபர் பிரின்ட் ஓரளவு கறுக்கும், மேட்டில் இது இன்னும் தெரியும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த வெள்ளைச் சேலை காய்ந்தபிறகு அழுக்காகத் தெரிவது இதனால்தான். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (சோதனைத் துண்டை) ஹெயார் டிரையரில் காயவைத்துப் பார்த்துவிட்டு எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சம் காட்டும் நேரத்தை, தீர்மானியுங்கள். பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைக்க வேண்டியிருக்கும்.

சரி, இங்க்ஜெட்டுக்கு வருவோம். இங்கே கடதாசிக்கு முன்னால் மையைப் பார்க்கவேண்டும். நம் டவுன்களில் ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கிற எப்சன் எல்1800, எல்18050 போன்ற ஆறு கலர் டேங்க் பிரின்டர்கள் டை மை போடுபவை. டை, கடதாசியின் பூச்சுக்குள் இறங்கிவிடும். ஆர்சி லஸ்டரிலும் கிளாஸியிலும் நிறம் பளிச்சென்று வரும், மேற்பரப்பின் மினுக்கமும் சீராக இருக்கும். பருத்திக் கடதாசியில் போட்டால் காசுக்கு ஏற்ற பலன் கிடைக்காது, கறுப்பு சோகையாக இருக்கும். திறந்த சுவரில் வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் டையைச் சீக்கிரம் வெளிறவைக்கும், ஆகவே கண்ணாடிக்குள் போடுவது நல்லது.

பிக்மென்ட் பிரின்டர் என்றால் கறுப்பு மை இரண்டு இருக்கும், போட்டோ பிளாக், மேட் பிளாக் என்று. டிரைவரில் நீங்கள் தெரிவு செய்கிற மீடியா வகையைப் பார்த்துத்தான் எது போகவேண்டும் என்று பிரின்டர் தீர்மானிக்கும். பருத்தி மேட் கடதாசியை வைத்துவிட்டு மெனுவில் லஸ்டர் என்று விட்டால் போட்டோ பிளாக் போகும், கறுப்பு கரிச்சட்டி கழுவிய தண்ணீராகும். மாறிப்போட்டால் இன்னும் மோசம். கிளாஸியில் மேட் பிளாக் ஒட்டாது, விரலோடு வந்துவிடும். எப்சன் பி800 போன்ற பழைய மாடல்களில் இரண்டு கறுப்பும் ஒரே பாதையைப் பாவிப்பதால் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மை வீணாகும். அப்படியானதை வைத்திருப்பவர்கள் மேட் வேலையையும் கிளாஸி வேலையையும் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் அடியுங்கள். பி900, கெனன் புரோ 300 போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

இங்க்ஜெட் பரைட்டா என்பது மேலே சொன்ன அதே பேரியம் சல்பேட்டோடு செய்த கடதாசி. காற்றில் காய்ந்த ஃபைபரின் அந்த அடங்கிய மினுக்கத்துக்கு மிகக் கிட்டப் போவது இதுதான். ஹானமூலே போட்டோ ராக் பரைட்டா, கான்சன் பரைட்டா என்று கிடைக்கும். பிக்மென்டில் கறுப்பு 2.3ஐயும் தாண்டும், உண்மையைச் சொன்னால் தாத்தாவின் பிரின்டைவிடக் கறுப்பாக இருக்கும். ஒரு குறை: பிக்மென்ட் மை மேற்பரப்பின் மேலேயே உட்காருவதால், மை விழுந்த இடமும் விழாத இடமும் வேறு வேறு மாதிரி மினுங்கும். நம் பனிப் படங்களில் இது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். பனியின் நடுவில் மை இல்லாத வெறும் கடதாசி, சுற்றிலும் மை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பனிக்கு ஒரு கரை கட்டியதுபோலத் தெரியும். மருந்து சுலபம். எடிட் பண்ணும்போது மிக வெளிச்சமான இடத்தை 255இல் (முழு வெள்ளையில்) விடாமல் 245 அளவுக்கு இறக்கிவிடுங்கள், எல்லா இடத்திலும் ஒரு துளியாவது மை விழும். அல்லது அந்தப் படத்தை மட்டும் மேட்டில் போடுங்கள். பனிப் படத்துக்கு மேட் பொருந்தும் என்றுதான் மேலேயே சொன்னேனே.

கடையில் பக்கற் பக்கற்றாகத் தொங்கும் மலிவான 180, 230 கிராம் ஹை கிளாஸி கடதாசிகளில் நிறைய ஆர்சி அல்ல, சாதாரணக் கடதாசியின் ஒரு பக்கம் மினுக்குப் பூச்சுப் பூசியவை. கண்டுபிடிப்பது லேசு. முதுகுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், ஊறினால் பிளாஸ்டிக் படலம் இல்லை. மூலையைக் கிழித்துப் பாருங்கள், ஆர்சி என்றால் மெல்லிய படலம் இழுபட்டுக் கிழியும். பூச்சுக் கடதாசி பள்ளிக்கூட அட்டைக்குப் பரவாயில்லை. கறுப்பு அதிகமான படத்தை அடித்தால் மையின் ஈரத்தில் அலை அலையாக எழும்பி மை தெளிக்கும் ஹெட்டில் உரசும். நம்மூர் ஈரத்தில் நல்ல கடதாசிகூட வெளியே கிடந்தால் அலையும், அடிக்கிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையிலேயே மூடி வையுங்கள்.

கலியாண அல்பக்காரர்கள் விரும்புகிற சில்க் மேற்பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தேன்கூடு போன்ற அந்தப் பொறிப்பு விரல் ரேகையை மறைக்கும், அவ்வளவுதான் அதன் புண்ணியம். நுணுக்கமான விவரத்தை அது தின்றுவிடும், மறுபடி ஸ்கேன் பண்ணினால் ஒவ்வொரு புடைப்பும் புள்ளியாக வந்து நிற்கும். கண்காட்சிக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கண்ணைக் குத்துவது மினுக்கத்தைவிட வெள்ளையின் நிறம்தான். இல்ஃபோர்ட் எஃப்பி கிளாசிக் பளீர் வெள்ளை. அதற்குப் பக்கத்தில் பிரைட்னர் (வெண்மை கூட்டும் பொருள்) கலக்காத பருத்திக் கடதாசி வந்தால் பழுப்பேறியதுபோலத் தெரியும், தனியாகப் பார்த்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பிரைட்னர் புற ஊதாக் கதிரில்தான் ஒளிரும். யன்னல் வெளிச்சத்தில் நீலம் தட்டிய வெள்ளையாக இருப்பது எல்ஈடி பல்பின் கீழே சாதாரணமாகிவிடும். எனவே இரண்டு கடதாசியின் ஓரத்தையும் ஒட்டி வைத்து, அந்த மண்டபத்தின் வெளிச்சத்திலேயே பாருங்கள். அப்புறம், டேங்க் பிரின்டரில் கறுப்பு வெள்ளை அடிக்கும்போது சாம்பலைக் கலர் மைகளைக் கலந்துதான் உண்டாக்கும், அது ஒரு வெளிச்சத்தில் பச்சையும் இன்னொன்றில் ஊதாவும் தட்டும். இருட்டறை வெள்ளிப் பிரின்டுக்குப் பக்கத்தில் அது எடுபடாது. அதனால் என் யோசனை, உங்கள் டிஜிட்டல் படங்களைக் கலரிலேயே விடுங்கள். அளவும், மவுன்டும், மினுக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். தாத்தாவின் படம் மாதிரி வேஷம் போட வேண்டிய அவசியமில்லை.

மண்டபத்தில் படம் தொங்கப் போகிற இடத்தில் சவரக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துவிட்டு, பார்வையாளர் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். கண்ணாடியில் டியூப் லைட்டோ யன்னலோ தெரிந்தால் கிளாஸி பிரின்டிலும் தெரியும், சட்டத்துக் கண்ணாடியிலும் தெரியும். சாதாரணக் கண்ணாடி விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 8 பங்கைத் திருப்பி அனுப்பும். எனவே கண்ணாடி போட்டுவிட்டு மினுக்கத்துக்குப் பயந்து மேட் வாங்குவதில் அர்த்தமில்லை. எதிரே உள்ள யன்னலை மறைப்பதுதான் வழி. பிரின்ட் கண்ணாடியைத் தொடவும் கூடாது. லயத்து வீடுகளில் பழைய கலியாணப் படம் கண்ணாடியோடு திட்டுத் திட்டாக ஒட்டி, எடுத்தால் முகம் உரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்வதால் வருவது அது, கிளாஸியில் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். நடுவில் ஒரு மவுன்ட் அட்டை இருந்தால் போதும்.

தாத்தாவின் கோடாக் கடதாசி: அந்தக் கம்பெனி கறுப்பு வெள்ளைக் கடதாசி செய்வதை 2005இல் நிறுத்திவிட்டது, ஆகவே எந்தப் பெட்டியானாலும் வயசு போனதுதான். பெட்டியில் எஃப் என்றிருந்தால் கிளாஸி, என் என்றால் செமி மேட், ஈ என்றால் லஸ்டர். பாவிக்கமுன் சேஃப்லைட்டில் (கடதாசியைப் பாதிக்காத இருட்டறை விளக்கில்) ஒரு துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றை வெளிச்சம் காட்டாமல் டெவலப் பண்ணி ஃபிக்ஸ் பண்ணுங்கள், மற்றதை ஃபிக்ஸ் மட்டும் பண்ணுங்கள். இரண்டும் ஒரே வெள்ளை என்றால் அதிர்ஷ்டம், படம் போடலாம். முதலாவது லேசாகச் சாம்பல் என்றால் டெவலப்பரில் அந்தச் சாம்பலைக் குறைக்கும் பென்சோட்ரையசோல் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்கள். நன்றாகவே சாம்பல் என்றால் கண்காட்சிக்கு ஆகாது. டெவலப்பரே இல்லாமல், இலையையும் கொழுந்தையும் மேலே வைத்து வெயிலில் காட்டிப் படம் எடுக்கப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.